பைபாஸ் ரோடும் சாமியாடி மருமவனும்

வாரும் மருமவனே, திண்ணையில மெதுவா உக்காரும். இருதயத்துல மூணு குழாயில அடைப்பாமே? அதைவிட இன்னொரு பேச்சுதான் என்னை எழுப்பி உக்கார வச்சுது. “நெஞ்சைப் பிளக்காம சின்ன ஓட்டை போட்டுச் செய்யுங்க, கோயில் கொடைக்குச் சட்டையில்லாம சாமியாடணும்”னு டாக்டர்கிட்ட கேட்டீராமே! சுடலைமாடனுக்கு உம்ம நெஞ்சழகைப் பாக்கதுதான் சோலியா?

தழும்போட பதினொரு வருசமா நடமாடுத ஆளு சொல்லுதேன், கேளும்.

பைபாஸ்னா குழாயைத் தூர்வாருததுன்னு நெனச்சீராக்கும். இல்லவே. அடைப்பு அடைப்பாவே கெடக்கும். பஜார் நெரிசலை அப்படியே விட்டுட்டு ஊருக்கு வெளிய ரோடு போட்டானே, அதே வேலைதான். ரோட்டுக்கு மண்ணும் உம்ம மேலருந்துதான் வெட்டுவாங்க. நெஞ்செலும்புக்கு உள்பக்கம் இடப்புறம் ஓடுத தமனியை இறக்கி, இருதயத்து முன்பக்கக் குழாயில தைப்பாங்க. பத்து வருசம் கழிச்சும் அது பத்துல ஒம்பது பேருக்கு அடையாது. மிச்சத்துக்குக் காலு நரம்பு. அதுக்குள்ள நம்ம கெணத்து புட்வால்வு மாதிரி ஒருவழிக் கதவு இருக்கு. அதனால தலைகீழாத் திருப்பித்தான் தைக்கணும். அதுல பாதிக்குப் பாதி பத்து வருசத்துல அடைச்சுக்கிடும். 1967ல இந்தக் கால் நரம்பு வித்தையை நிலைநாட்டுன பவலோரோ, அர்ஜென்டினாவுல பட்டிக்காட்டு வைத்தியரா இருந்த மனுசன். அதனால பட்டிக்காட்டான் பேச்சுன்னு இளிக்காதேயும். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில 1975லயே கே.எம்.செரியன் பைபாஸ் செஞ்சுட்டாரு. நீரு அப்ப டவுசரே போடல.

இனி உம்ம பேரம். அதுக்கு முன்னால தைக்கத விதத்தைத் தெரிஞ்சுக்கிடும். ரத்தத்தை மிசினுக்கு மாத்திவிட்டு, பொட்டாசியம் மருந்தால இருதயத்தை நிறுத்தி வச்சுத் தைக்கது ஒரு விதம். துடிக்கத் துடிக்க, தைக்கத இடத்தை மட்டும் ஒரு கருவியால பிடிச்சு வச்சுத் தைக்கது இன்னொரு விதம். குழாயோ ரெண்டு மில்லிமீட்டர்! நிக்காத மாட்டுக்கு லாடம் அடிக்க மாதிரி. அதுதான் உசத்தின்னு சலூன்ல எவனாவது சொல்லியிருப்பான். அமெரிக்காவுல 2,200 பேரைப் பிரிச்சு ரெண்டு விதமாவும் செஞ்சு 2009ல கணக்குச் சொன்னாங்க, எம் பேத்தி படிச்சுக் காட்டுனா. வருசம் கழிஞ்சு பாத்தா மிசின் இல்லாம தச்ச குழாய்தான் கூடுதலா அடைச்சிருந்துதாம். ஆனா மகாதமனியில சுண்ணாம்பு ஏறிக் கெடக்கவன் கதை வேற. அதைக் கவ்விப் பிடிச்சா பொடி உதுந்து மூளைக்குப் போயிரும். அவனுக்கு மிசின் இல்லாத வழிதான் தோது.

சின்ன ஓட்டையா? விலா எலும்புக்கு இடையில கீறிச் செய்யது. முன்பக்கக் குழாய் ஒண்ணுக்குன்னா சரி. உமக்கு மூணுல்லா, அதுல ஒண்ணு பின்பக்கம் ஒளிஞ்சு கெடக்கு! ஒண்ணைத் தச்சு மிச்சத்துக்கு ஸ்டென்ட் வைக்கதும் உண்டு, ஓட்டை வழியாவே மூணையும் தைக்கத கெட்டிக்காரனும் உண்டு. “ஐயா, இந்த விதத்துல வாரத்துக்கு எத்தனை பேருக்குச் செய்யுதிய?”ன்னு மட்டும் கேளும். மொகத்தைப் பாத்தே தெரிஞ்சிரும்.

எலும்பு கூட ரெண்டு மூணு மாசம் ஆவும். தும்மல் வந்தா தலகாணியை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிடணும், புதுப்பொண்டாட்டி கணக்கா. எனக்கு நெஞ்சு மறந்தே போச்சு, காலுத் தழும்புதான் இன்னும் அரிக்கு. ஆமா, சாமியாடுத சல்லடம் முழங்காலோட நின்னுருமே, கீழ தெரியுத தழும்புக்கு எந்த டாக்டர்கிட்ட பேரம் பேசப்போறீரு?

சரி, காப்பியைக் குடியும். எழுந்திருக்கும்போது மடியில இருக்க பீடிக்கட்டை அந்த அடுப்புல போட்டுட்டுப் போரும்.