புள்ளி வைத்த தோப்பு

2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. உடனே தொண்டர்கள் அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி என்று லாரியில் ஏற்றினார்கள். என்ன பாமரத்தனம்! விழுந்த மரமெல்லாம் கணினி வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக மினுங்கியிருந்தால் நன்கொடை கொட்டியிருக்காதா?

ராஜராஜனும் இப்படித்தான். யார் என்ன கொடுத்தார் என்று எடை முதற்கொண்டு தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் வெட்டினானே தவிர, ஒரு வட்ட விளக்கப்படம் உண்டா? அக்கா குந்தவையின் பங்குக்காவது இளஞ்சிவப்பு பூசியிருக்கலாம்.

இன்றைய தொண்டர்கள் தேறிவிட்டார்கள். தென்னை காய்க்க வருஷக்கணக்காகும்; வரைபடம் ஒரே ராத்திரியில் காய்க்கும். கன்று கேட்டு வந்த தோப்புக்காரரிடம் மடிக்கணினியைத் திருப்பி, "இந்தப் புள்ளிதான் நீங்க, ஐயா" என்றார்கள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "பக்கத்துத் தோப்புக்காரன் புள்ளி பெரிசா இருக்கே? அவனுக்கு அரை ஏக்கர்தானே?"

"அவர் அழுத படம் நல்லா வந்திருக்கு, ஐயா."