சுவரொட்டி மாமனார்

புரட்டாசி முடிந்து கறிக்கடைகளில் கூட்டம் திரும்பும் வேளையில் மதுரைப் பக்கம் ஒருவகை மனிதர் தலையெடுப்பார். வைகாசியிலோ ஆவணியிலோ மகளைக் கட்டிக்கொடுத்தவர். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் முப்பது வருஷம் சாப்பிட்டவர், திடீரென்று சீரகச் சம்பா எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று பேச ஆரம்பிப்பார். தலை தீபாவளி மாமனார் என்பது இவர்தான்.

முதல் வேலை உளவு. மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று மகளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும். அப்புறம் மாமனாருக்கு என்ன மரியாதை? சம்பந்திக்கு போன் போட்டு, மழை, மூட்டுவலி, கரண்ட் பில் என்று ஊர்வலம் போய், “தம்பி ஈரல், குடல் எல்லாம் சாப்பிடுவாப்லயா சம்பந்தி?” என்று போகிறபோக்கில் போட்டுவைப்பார். “அவன் எது வச்சாலும் சாப்பிடுவான்” என்று பதில் வரும். பெற்றவர்கள் சொல்லும் இந்த வார்த்தையை நம்பி யாரும் உலை வைக்கக் கூடாது. இவர் வைப்பார்.

அடுத்தது பழைய டைரியின் கடைசிப் பக்கம். காலையில் இட்லி, கறிக்குழம்பு, குடல். மதியம் பிரியாணி, சுக்கா, நாட்டுக்கோழி வறுவல், எலும்புக் குழம்பு. கிலோ அரிசிக்குக் கிலோ கறி என்று கணக்குப் போட்டு, ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று அரைக் கிலோ ஏற்றுவார். அத்தோடு விடாமல் ஓரத்தில் ‘அயிரை மீன்’ என்று எழுதி அடிக்கோடு போடுவார். அயிரையை உயிரோடு வாங்கி, பாலில் நீந்தவிட்டு, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரச வேண்டும். விரல் நீளம்கூட வராத மீன், ஒரு குழம்புக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். “அதை உரசுறது யாரு?” என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். பட்டியலில் எடை உண்டு, கடை உண்டு, விலைகூட உண்டு. உரசுவது, உரிப்பது, அரைப்பது, கழுவுவது பற்றி ஒரு எழுத்து கிடையாது.

பிறகு காலண்டர். 2023-இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது, அந்த வருஷத்து மாமனார்கள் கொடுத்துவைத்தவர்கள். 2024-இல் அக்டோபர் 31, வியாழன். சம்பந்தியம்மா சாய்பாபா பக்தை என்றால், வியாழக்கிழமை கவுச்சி ஆகுமா என்பதற்கே நாலைந்து போன் ஆகும். காலையில் பட்டாசுக்கு அரசு கொடுத்த நேரம் 6 முதல் 7 வரை. அதனால் இட்லிக்கு இவர் குறிக்கும் நேரம் 7.05. அந்த ஐந்து நிமிஷம் மாப்பிள்ளை கை கழுவ.

இதெல்லாம் சில்லறை. இவருடைய உயிர் சுவரொட்டியில் இருக்கிறது. ஆட்டின் மண்ணீரல்தான். ஓர் ஆட்டுக்கு ஒன்றே ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும். ரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுட்டுக் கொடுப்பது வழக்கம். ஜிம்முக்குப் போகும் மாப்பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்டுவிடக் கூடாது. இவருடைய தலை தீபாவளிக்கு இவர் மாமனார் வைத்தார், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன்பே கறிக்கடை பாயிடம் சொல்லிவைப்பார். “அண்ணே, உங்களுக்கு இல்லாததா?” என்பார் பாய். அதைத்தான் எல்லாரிடமும் சொல்லியிருப்பார்.

தீபாவளியன்று விடியற்காலை மூன்றரை மணி, ஐப்பசித் தூறல். எண்ணெய் வைத்த தலையும் தூக்குவாளியுமாகக் கடை வாசலில் நாலு மாமனார்கள் நிற்பார்கள். ‘சும்மா, எலும்பு வாங்க வந்தேன்’ என்று நாலு பேரும் சொல்லிக்கொள்வார்கள். முதல் ஆடு தொங்கும். பாயின் கை வயிற்றுக்குள் போய், கருஞ்சிவப்பாக, ஈரம் மினுங்க அதை வெளியே எடுக்கும். “பாய்!” என்று நாலு தொண்டையும் ஒரே நேரத்தில் திறக்கும். பாய் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அதைக் கட்டையில் வைத்து நாலாக வெட்டுவார். தன் துண்டைவிட எதிர்வீட்டுக்காரர் துண்டு சிறிசு என்ற நிம்மதியில் நம் ஆள் வீடு திரும்புவார்.

மாப்பிள்ளையோ ராத்திரி பஸ்ஸில் குலுங்கி வந்து, லேகியத்தை விழுங்கி, காலையிலேயே ஒன்பது இட்லியை மாமனார் கண்பார்வையில் தின்று முடித்தவர். மதியம் இலையைப் பார்த்ததும் அவருக்கு வியர்க்கும். “வைங்க, மாப்ள வெக்கப்படுறாரு” என்பார் இவர். மாப்பிள்ளை இலைமேல் கையை விரித்தால், விரலிடுக்கு வழியாக ஒரு சுக்காத் துண்டு இறங்கும். கடைசியில் அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, “அத்தை, கொஞ்சம் ரசம் கிடைக்குமா?” என்பார். பட்டியலில் இல்லாத ரசம் தயாராக இருக்கும். காலையில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த உடனே அந்த அம்மாள் வைத்தது அது.

மாலையில் சம்பந்திக்கு மறுபடி போன். “பெருசா ஒண்ணும் செய்யலைங்க, ஏதோ எங்களால முடிஞ்சது” என்று தொடங்கி, இட்லியிலிருந்து அயிரைவரை ஒப்பித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “சுவரொட்டி கிடைச்சது” என்பார்.

“ஐயையோ, சின்னதுலருந்தே அவனுக்கு அது ஆகாதே! கண்டாலே எந்திரிச்சு ஓடிருவானே!”

போனை வைத்ததும் இவர் அடுப்படிக்கு ஓடுவார். “ஏம்மா, அந்தச் சுவரொட்டியை மாப்ள சாப்பிட்டாரா?”

“அவருக்கு நான் வைக்கவே இல்லையே” என்பார் அந்த அம்மாள், அண்டாவைத் தேய்த்துக்கொண்டே. “மூணு மணிக்கு எந்திரிச்சவ. மிளகு போட்டுச் சுட்டு நானே தின்னுட்டேன்.”