ஒற்றை வயிற்றுக் கோட்பாடு: மதுரையில் தனியாளாக உண்பது குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சனி, ஞாயிறு விடுமுறையில் தன்னந்தனியாக மதுரையில் வந்து இறங்கும் ஒருவர், ஊர் திரும்புவதற்குள் அந்நகரின் உணவு வகைகளில் எவ்வளவைத் தம் ஒரே வயிற்றுக்குள் சேர்க்க இயலும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் ஆகியவை பற்றிப் போதிய நூல்கள் வந்துவிட்டன. எனவே இங்கு அவை இரண்டு சாப்பாடுகளுக்கு நடுவே நடக்க வேண்டிய தூரங்களாக மட்டும் கொள்ளப்படுகின்றன.

1. சிக்கலின் இயல்பு

நால்வராகப் போனால் நான்கு வகை வாங்கி, ஆளுக்கு ஒரு விள்ளல் பிய்த்துக்கொள்ளலாம். ‘அதுல ஒரு வாய் குடு’ என்று கேட்கும் உரிமை கூட்டத்தாருக்கு உண்டு, தனியாளுக்குக் கிடையாது. பக்கத்து இலைக்காரரின் கறிதோசையில் கை வைப்பது ஆய்வு நெறிக்கும் ஒவ்வாது, ஆய்வாளரின் உடல்நலத்துக்கும் ஒவ்வாது.

இனி உடற்கூற்றுத் தடை. வளர்ந்த மனிதரின் இரைப்பை வசதியாகக் கொள்வது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். நீராகாரம் சீக்கிரம் இறங்கிவிடும்; திட உணவு இறங்கச் சில மணி நேரமாகும்; கொழுப்பு கூடக் கூட அந்த நேரமும் நீளும். ஆகவே மட்டன் சுக்கா உண்டவர் அடுத்த கடைக்குப் போவது கால் சம்பந்தப்பட்ட விஷயமல்ல. கால் போய்ச் சேர்ந்துவிடும். வயிறுதான் இன்னும் முந்தைய கடையிலேயே உட்கார்ந்திருக்கும்.

2. ஆய்வுக் களம்

மதுரையின் அமைப்பு தனியாளுக்குச் சாதகமானது. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக விரிகின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு திசைக்கு நான்கு வீதி. வழி தவறியவர் எப்படித் திரும்பினாலும் ஏதாவது ஒரு மாசி வீதியில் போய் நிற்பார். நின்ற இடத்தில் ஒரு கடை இருக்கும். உடன் வந்தவர்களோடு ‘லெஃப்டா, ரைட்டா’ என்று சண்டை போடும் நேரமும் மிச்சம்.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணிவாக்கில் திறக்கப்படுவதை வரலாற்றாசிரியர்கள் வழிபாட்டு முறையாகவே விளக்கிவந்துள்ளனர். மதியச் சாப்பாட்டுக்கும் அதன் பின்விளைவான உறக்கத்துக்கும் அந்த இடைவெளி அளவெடுத்தாற்போல் பொருந்துவதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதேபோல, 1840களில் கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்டது விளக்குத்தூண். இன்று வெளியூர்க்காரர் ‘விளக்குத்தூண் எங்கே?’ என்று கேட்டால், உள்ளூர்க்காரர் ஜிகர்தண்டா கடைக்கு வழி சொல்கிறார். துரையவர்களின் இடிப்புப் பணி வீண்போகவில்லை.

3. முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி மாங்குடி மருதனார். அவர் பாடிய ‘மதுரைக்காஞ்சி’ இங்கே நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிச் சந்தைகள் இருந்ததைச் சொல்கிறது. மெல்லிய அடையும் மோதகமும் செய்து விற்ற கூவியர், இரவு முற்றியதும் உறங்கிப்போனதையும் பதிவு செய்கிறது. அதாவது சங்க காலத்தில் பலகாரக் கடைக்காரர் தூங்கியிருக்கிறார். ‘தூங்கா நகரம்’ என்ற பட்டம், பிற்காலத்தில் பரோட்டா மாஸ்டர்கள் பெற்றுத் தந்ததாகவே இருக்க வேண்டும்.

மேலைநாட்டு ஆய்வாளர்களில் குறிப்பிடத்தக்கவர் ஜான் டி காஸ்ட்ரோ. தனியே உண்பவரைவிடக் கூட்டாக உண்பவர் அதிகம் உண்கிறார் என்பதை அமெரிக்காவில் உணவுக் குறிப்பேடுகளை வைத்து அவர் காட்டினார். அமெரிக்காவில் அது மெய்யாகவே இருக்கட்டும். மதுரையில் ஏன் செல்லாது என்பது ஆறாம் பகுதியில் நிறுவப்படும்.

4. அலகுக் கோட்பாடு

உலகின் பல உணவு மரபுகள் நடுவில் ஒரு பெரிய தட்டை வைத்துச் சுற்றிலும் ஆட்களை உட்கார வைக்கின்றன. அங்கே தனியாள் அனாதை. மதுரைச் சிற்றுண்டியோ உருப்படிக் கணக்கில் விற்கப்படுவது. ஓர் இட்லி கேட்கலாம். ஒரு வடை கேட்கலாம். ஒரு வெள்ளையப்பம், ஒரு கோலா உருண்டை, ஒரு கலக்கி, ஒரு டம்ளர் பருத்திப்பால். எதற்கும் துணை தேவையில்லை. ஓர் இட்லிக்கு வரும் சட்னி வகைகளும் பத்து இட்லிக்கு வருபவையே; ஆகவே இட்லி குறையக் குறைய, இட்லி ஒன்றுக்குக் கிடைக்கும் சட்னியின் விகிதம் உயர்கிறது. தனியாளுக்கு இவ்வளவு லாபமான பொருளாதாரம் வேறு எங்கும் இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பரோட்டாக் கடையில் ‘ஒண்ணு போதும்’ என்று சொன்னால், சப்ளையர் உடனே நகர மாட்டார். ‘ஒடம்பு சரியில்லையாண்ணே?’ என்று கேட்பார்.

5. கால அட்டவணை

பல வரிசைகளைச் சோதித்ததில் பின்வருவது சிறந்ததெனத் தேர்ந்தது. விடியலில் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய இது நீராகாரம் போல நடித்து, வயிற்றில் திட உணவாகக் குடியேறும் தன்மையது. ஆகவே அரை டம்ளர். அடுத்து இட்லி, எண்ணிக்கை அவரவர் மனசாட்சிப்படி. மதியம் மெஸ் ஒன்றில் அயிரை மீன் குழம்பு. பின்னர் நடை திறக்கும்வரை உறக்கம். மாலையில் வெள்ளையப்பம். இரவில் சிம்மக்கல் பக்கம் கறிதோசை: கனத்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் ஆட்டுக்கறி என மூன்று அடுக்கு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஒரே கல்லில் வார்த்திருக்கிறார்கள் என்பதால், தனியாளின் நேரத்தை இதைவிட மதிக்கும் உணவு இல்லை.

இதற்குப் பிறகு ஜிகர்தண்டாவுக்கு இடம் இராது என்பது எளிய கணிதம். ஆனால் கணிதம் இங்கே தோற்கிறது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின்மீது மட்டும் ஆசை தணிகிறது, வேறு சுவைக்கான ஆசை அப்படியே இருக்கிறது என்று பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1981இல் காட்டினர். காரத்தால் நிரம்பிய வயிறு, சுண்டக் காய்ச்சிய பாலையும் பாதாம் பிசினையும் நன்னாரி சர்பத்தையும் ஐஸ்கிரீமையும் கண்டதும் தனக்கு ஒரு மாடி இருப்பதாக அறிவிக்கிறது. மதுரைக்காரர்கள் இந்த ஆய்வை 1981க்கு வெகு முன்பே முடித்துக் கல்லாவில் வரவு வைத்துவிட்டார்கள்.

6. சப்ளையர் என்னும் மாறி

டி காஸ்ட்ரோவின் கணக்கில் விடுபட்டவர் இவர். அச்சிட்ட மெனு இல்லாத கடையில், மூச்சு விடாமல் பட்டியலை ஒப்பிக்கிறார்: ‘பரோட்டா, வீச்சு, கொத்து, முட்டை தோச, கறி தோச, சுக்கா, ஈரல், மூளை, குடல்...’ நீண்ட பட்டியலைக் கேட்பவருக்குக் கடைசியில் வந்தவை நன்றாக நினைவில் நிற்கும் என்பது உளவியலில் நிலைபெற்ற உண்மை. வந்தவர் குடல் கேட்கிறார். அன்று குடல் நிறைய இருந்தது என்பது தற்செயல் அன்று.

பிறகு எதிர் இருக்கை. தனியாளுக்குத் தனி மேசை ஒதுக்குவது இங்கே வழக்கமில்லை. காலியாக உள்ள இடத்தில் அமர வேண்டும். எதிரே இருக்கும் பெரியவர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘தம்பி, பரோட்டாவ அப்பிடித் திங்கக்கூடாது. பிச்சுப் போட்டு, சால்னாவ ஊத்தி, ஊறவிடுங்க’ என்கிறார். ஊறும்வரை ஊர் கேட்கிறார், வேலை கேட்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார். ‘தம்பிக்கு இன்னொண்ணு வையி’ என்று சப்ளையரிடம் அவரே சொல்லிவிடுகிறார்.

ஆக, தனியே வந்தவர் இருவர் மேற்பார்வையில் உண்கிறார். கூட்டமாக வந்தவர் அளவுக்கே உண்கிறார். தனியாக உண்ணுதல் என்னும் நிகழ்வு மதுரையில் இதுவரை பதிவாகவில்லை.

7. மறுப்பும் மறுமொழியும்

‘பார்சல் வாங்கி அறையில் தனிமையாக உண்ணலாமே?’ என்பார் உளர். ஆறிய பரோட்டாவோடு மூடிய அறைக்குள் அமர்ந்திருப்பவர் மதுரையில் இருப்பதாக ஆய்வுலகம் ஏற்காது. ‘அளவோடு உண்ணலாமே?’ என்பாரும் உளர். அவர்கள் இக்கட்டுரையின் வாசகர் அல்லர்.

8. முடிவு

ஒற்றை வயிறு ஒரு வார இறுதியில் மதுரையை முடிக்க இயலாது. தனியாளின் குறை துணை இல்லாமை அன்று; அதை ஊரே முன்வந்து தீர்த்துவைக்கிறது. தீராமல் நிற்பது ஒன்றரை லிட்டர் என்னும் எல்லை மட்டுமே. பன் பரோட்டா, எலும்பு ரோஸ்ட், நெய் அல்வா ஆகியவை களப்பணியின்றி எஞ்சியுள்ளன. அவற்றுக்குத் தொடர் ஆய்வு பரிந்துரைக்கப்படுகிறது. அதையும் தனியாளே மேற்கொள்ள வேண்டும், ஏனெனில் குழுவாகப் போனால் பில்லைப் பிரிப்பதிலேயே ஆய்வுக்காலம் முடிந்துவிடும்.

நலமுரண் அறிவிப்பு: ஆய்வின்போது கட்டுரையாளருக்குக் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றப்பட்டது. அது முடிவுகளைப் பாதித்திருக்கிறது.