பொட்டல நூலும் பொதுக் கருவூலமும்: சுரண்டைப் பலசரக்குக் கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசாங்கத்தின் வீண்செலவைக் குறைக்கத் தனியாரின் திறமையைக் கடன் வாங்கலாம் என்பது உலகறிந்த கருதுகோள். இதைச் சோதிக்கச் சிங்கப்பூர் போக வேண்டியதில்லை, சுரண்டையில் ஒரு பலசரக்குக் கடை போதும் என்பது இவ்வாய்வின் துணிபு.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1982-ல் அமெரிக்க அதிபர் ரீகன், பீட்டர் கிரேஸ் என்ற ரசாயனக் கம்பெனி முதலாளியை இந்த வேலைக்கு அழைத்தார். 2,478 பரிந்துரைகள், மூன்றாண்டில் 424 பில்லியன் டாலர் மிச்சம் என்று 1984-ல் அவர் குழு கணக்குக் கொடுத்தது. அதில் பெரிய பரிந்துரைகளை நாடாளுமன்றத்தின் தணிக்கையாளர்கள் தட்டிப் பார்த்தபோது 100 பில்லியன்கூடத் தேறவில்லை. எலான் மஸ்க் 2024 தேர்தல் மேடையில் 2 டிரில்லியன் டாலர் மிச்சம் என்றார். 2025 ஜனவரியில் அந்த வேலைக்கு அரசுக்குள் வந்தவர் மே கடைசியில் கிளம்பிவிட்டார். நம் பக்கம், தனியார் வங்கிகளில் வேலை பார்த்த பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் நிதியமைச்சராகி, 2021 ஆகஸ்ட் 9 அன்று வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அரசுக் கடன் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்றது அறிக்கை. சுரண்டைப் பக்கம் பீடி சுற்றும் ஆச்சியிடம் இதைச் சொன்னால், "நான் எங்க கைநாட்டு வச்சேன்?" என்றுதான் கேட்பார். நிதியியலில் இதற்கு இன்னும் பதில் எழுதப்படவில்லை.

இனி களஆய்வு. அண்ணாச்சி கடையில் வீணாவது எது என்று தேடினோம். எதுவுமில்லை. சாக்கு காலியானதும் உதறப்படுகிறது. உதறியது ஒரு பொட்டலம், சாக்கு தனி வியாபாரம். அட்டைப்பெட்டிக்கு விலை உண்டு, எண்ணெய் டின்னுக்கும் உண்டு. உச்சியிலிருந்து இறங்கும் நூல் பொட்டலத்தை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது வாங்குபவரின் பழைய பாக்கியைப் பொறுத்தது. பென்சில் காதில் செருக முடியாத அளவுக்குத் தேய்ந்த பிறகே ஓய்வு பெறுகிறது. அதற்கும் பென்ஷன் கிடையாது.

பொட்டலத் தாளை விரித்தபோதுதான் இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு கிடைத்தது. அது யாரோ ஒரு மாணவனின் கணக்கு விடைத்தாள். ஏழு மதிப்பெண். உள்ளே கால் கிலோ துவரம்பருப்பு. அரசாங்கம் கழித்துப் போட்டதைத் தனியார் துறை எடையில் வாங்கிப் பயன்படுத்துவது எந்த ஆணையமும் கூடாமலே நடந்துவருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் கண்டுபிடிப்பு கொஞ்சம் சங்கடமானது. தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா ஆபீசைப் பார்த்தாலும் வாசலில் ஜெராக்ஸ் கடையும், மனு எழுதுபவரின் மேசையும், டீக்கடையும் இருக்கும். இவைதான் அரசுக்கு மிக அருகில் இருக்கும் தனியார் துறை. உள்ளே ஒரு நகல் கூடுதலாகக் கேட்டால் வெளியே ஒரு வியாபாரம் நடக்கிறது. "நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு டீ. அரசின் விரயத்தைக் குறைக்க இவர்களிடம் யோசனை கேட்பது கொசுவிடம் கொசுவலைக்கு அளவெடுக்கச் சொல்வதுதான். பெரிய கன்சல்டன்ட் கம்பெனிகளும் அந்த வாசலில்தான் கடை போட்டிருக்கின்றன. ஏசி இருப்பதால் தெரிவதில்லை.

சரி, அண்ணாச்சியையே தாசில்தார் நாற்காலியில் உட்கார வைத்தால்? கேட்டோம். "எங்கடைல எறும்பு தூக்கிட்டுப் போற சீனிக்கும் எனக்குக் கணக்குத் தெரியும் தம்பி. அங்க சீனி யாருதுன்னே தெரியாதுல்லா" என்றார். ஹார்வர்டில் இதற்கு இரண்டு வருடப் படிப்பு வைத்திருக்கிறார்கள். மேலும், பாக்கி வைத்தவனுக்குச் சரக்கு கிடையாது என்பது கடையின் சட்டம். ரேஷன் கடையில் அந்தச் சட்டம் வந்தால் கடை சீக்கிரம் லாபத்துக்கு வந்துவிடும், ஊர் பட்டினி கிடக்கும். ஆகவே அவருடைய திறமையில் நூலையும் சாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது.

உண்மையான விரயம் எந்த வெள்ளை அறிக்கையிலும் வராதது. ஒரு சான்றிதழுக்காகப் பீடித்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பும் பெண்ணின் ஒரு நாள் கூலி அது. இந்தக் கணக்கில் பெரிய மிச்சம் பிடித்தது எந்தக் கம்பெனி முதலாளியும் அல்ல. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிய சுரண்டைக்காரர்களுக்கு அன்றே பாதி வழி மிச்சம். இன்னொன்று இ-சேவை மையம். மனுவை ஊரிலேயே பதிவுசெய்துவிடலாம். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று அது படியேறுவதைச் செல்போனில் பார்த்துக்கொண்டே பீடி சுற்றலாம்.

ஆய்வின் பரிந்துரை ஒன்றே ஒன்று, 2,477 குறைவு. மனுவோடு எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். எடுத்துப் போனால் கேட்கமாட்டார்கள்.