ஆங்கிலத்துக்குப் பாடு கிடையாது

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால் நீங்கள் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதுவீர்கள். இந்த ஊரில் அது நடக்காது. காலையில் மீன் ஆலைக்குள் நுழைந்ததும் எதிரே வருகிறவர் எல்லாம் "யூ ஆல்ரைட்?" என்கிறார். நாம் வாயைத் திறப்பதற்குள் ஆள் கதவைத் தாண்டிவிடுவார். புதிதாகச் சேர்ந்த மலையாளத்துப் பையன் ஒருவன், பாவம், கேட்டவரை நிறுத்திவைத்துத் தன் நெஞ்செரிச்சலை ஆதியோடு அந்தமாகச் சொன்னான். அந்த மனிதர் இப்போது அவனைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போகிறார்.

நம் ஊரைப்போல இதுவும் மீன்பிடிக்கிற ஊர்தான். ஆனால் 1976-இல் ஐஸ்லாந்துக்காரர்களோடு நடந்த காட் மீன் சண்டையில் இவர்கள் விட்டுக்கொடுத்ததிலிருந்து படகுகள் பெரும்பாலும் போய்விட்டன. ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருகிற மீனைத்தான் அறுத்துப் பெட்டியில் அடுக்குகிறோம். மீன்வரத்து குறைந்ததே தவிர, பேச்சுவரத்து குறையவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாவுக்கு "அட் தி எண்ட் ஆஃப் தி டே" இல்லாமல் வாக்கியம் ஓடாது. விடிகாலை ஆறு மணிக்கே பொழுதைச் சாய்த்துவிடுவார். எரிச்சல் எனக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 'பிளெயின் இங்கிலீஷ் கேம்பெயின்' என்று எளிய ஆங்கிலத்துக்காகப் போராடுகிற ஓர் அமைப்பு இங்கே இருக்கிறது. 2004-இல் அவர்கள் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலுள்ள தங்கள் ஆதரவாளர்களிடம் கேட்டபோது, எரிச்சலூட்டும் தொடர்களில் முதலிடம் பிடித்தது இதுதானாம். காற்புள்ளிபோல் போடுகிற "லைக்"கும் முன்வரிசையில் வந்தது.

அந்த "லைக்"கைச் சொல்லியே ஆகவேண்டும். பக்கத்து மேசையில் செதில் சுரண்டுகிற பையன் பேசுவதைக் கேளுங்கள்: "நான், லைக், கடைக்குப் போனேனா, அவ, லைக், யூ நோ, லைக், ஒண்ணுமே பேசல!" அவள் ஒன்றும் பேசவில்லை என்பதைச் சொல்லி முடிக்க அவனுக்கு இரண்டு மீன் நேரம் ஆகிறது.

நம் ஊர் ஏரியில் சுத்துவலை கட்டுவதற்குப் பாடு, அதாவது முறை வரிசை, உண்டு. இன்றைக்கு யார் முறை என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் பாட்டில் அடுத்தவர் வலை கட்டமாட்டார். அதனால் இடம் போய்விடுமோ என்று யாரும் முன்கூட்டியே கழி நட்டுக் காவல் இருப்பதில்லை. ஆங்கிலப் பேச்சில் பாடு கிடையாது சித்தப்பா. மூச்சு விட்டால் அடுத்தவன் உள்ளே வந்துவிடுவான். சொல்ல வேண்டியது இன்னும் வாய்க்கு வராதபோது "லைக்", "யூ நோ", "ஐ மீன்" என்று வரிசையாகக் கழி நட்டுவிடுகிறார்கள். வலை பிறகு வரும். சில சமயம் வராது.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? டிவியில் புயல் செய்தி சொல்கிறவர், "வங்கக் கடல்ல பாத்தீங்கன்னா, ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பாத்தீங்கன்னா" என்கிறார். பார்ப்பதெல்லாம் நாம்தான். அவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

"டு பி ஆனஸ்ட்" என்று ஒன்று. நம் மீன் வியாபாரி "சத்தியமா சொல்றேன்" என்றதும் கூடைக்கு ஐம்பது ரூபாய் குறையுமே, அதே சரக்குதான். போன வாரம் ஆலையில் "டு பி ஆனஸ்ட்" என்று ஆரம்பித்தார்கள், ஓவர்டைம் கிடையாதாம்.

தம்பி பொன்னேரியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரப் போவதாக அம்மா சொன்னாள். சேரட்டும், நல்லதுதான். ஆனால் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை அட் தி எண்ட் ஆஃப் தி டே தருகிறோம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்