பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு மோகினி

தமிழ்ப் பேய்களுக்குக் காலங்காலமாக ஒரே உடைதான். வெள்ளைச் சேலை, தலை நிறைய மல்லிகை, காலில் கொலுசு. எந்த மோகினியும் புளியமரத்தை விட்டு இறங்கும்முன் கண்ணாடி பார்த்ததாகக் கதையில்லை. நம் கதாநாயகி பார்க்கிறாள். ராத்திரி பதினோரு மணிக்கு நிலைக்கண்ணாடி முன் நின்று, இளஞ்சிவப்பு மண்டை ஓட்டுக்கு இளம் ஊதா வௌவால் எடுபடுமா என்று அரைமணி நேரம் யோசிக்கிறாள்.

இருப்பது அந்தமானின் குட்வில் எஸ்டேட். பெயரிலேயே நல்லெண்ணத்தை வைத்திருக்கிற ஊரில், கழுத்தில் சவப்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு காலையில் பால் வாங்கப் போவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். சவப்பெட்டி சின்னதுதான், நகக்கண் அளவு. நிறம்கூடப் புதினாச் சட்னி நிறம். இருந்தாலும் சவப்பெட்டி சவப்பெட்டிதானே!

இந்த ரகத்துக்கு ‘பேஸ்டல் கோத்’ என்று பெயர். வேர் இங்கிலாந்தில். 1979-இல் பௌஹாஸ் என்ற இசைக்குழு, திரையில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரில் ஒரு பாட்டு போட்டது. 1982-இல் லண்டன் சோஹோவில் ‘பேட்கேவ்’, அதாவது வௌவால் குகை, என்று ஒரு கிளப் திறந்தது. கறுப்பு உடை, கறுப்பு உதடு, சிலுவை, வெள்ளிச் சங்கிலி என்று ‘கோத்’ கூட்டம் உருவானது. 2010-ஐ ஒட்டி இணையத்துப் பெண் பிள்ளைகள் அந்தக் கறுப்பின் மேல் ஜப்பானின் ஹராஜுகு வட்டாரத்துப் பஞ்சுமிட்டாய் நிறங்களைக் கொட்டினார்கள். மண்டை ஓடு ரோஜா நிறமானது, சிலந்தி வலை வானநீலமானது. பயமுறுத்த வேண்டிய சாமான்களெல்லாம் கொஞ்சத் தக்கவை ஆகிவிட்டன.

குட்வில் எஸ்டேட்டுக்கு இது வந்த வழி கடலடி. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடியிழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பிய தீவு இணையத்தில், ஒரு வௌவால் படம் திறப்பதற்குள் நிஜ வௌவால் கொய்யா மரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். கேபிள் வந்தபின் படம் நொடியில் வருகிறது. படத்தில் இருக்கிற சாமான்தான் வருவதில்லை. 744 என்று தொடங்கும் பின்கோடை அடித்தவுடன், ‘உங்கள் பகுதிக்கு அனுப்ப இயலாது’ என்று சிவப்பு எழுத்தில் காட்டும் கடைகள் அவளுக்கு மனப்பாடம். ஆகவே சென்னையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஆர்டர், அங்கிருந்து கப்பல். கப்பலில் மூன்று நாள். அத்தை பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கந்தசஷ்டி கவசப் புத்தகம் ஒன்றையும் உள்ளே வைத்துத்தான் அனுப்புவாள்.

நகை போடும் விஷயத்தில் இவளிடம் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. கறுப்பு என்பது உப்பு மாதிரி, அளவோடு. மூன்று பங்கு இளம் நிறத்துக்கு ஒரு பங்கு கறுப்பு. கழுத்தை ஒட்டி ஒரு கறுப்பு வெல்வெட் பட்டை, அதற்கு நாலு விரல் கீழே மெல்லிய வெள்ளிச் சங்கிலியில் பிறைநிலா, இன்னும் கீழே அந்தச் சவப்பெட்டி. மூன்றும் ஒரே நீளத்தில் விழுந்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஒரு காதில் நிலா என்றால் மறு காதில் நட்சத்திரம். உலோகம் ஒன்றே, அது வெள்ளி நிறம். பொன்னின் மஞ்சள் பக்கத்தில் வந்தால் இளம் ஊதா வெளுத்துப் போகுமாம். பயங்கரமான சின்னம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். வௌவால் இருந்தால் சிலந்திக்கு அன்று விடுமுறை.

கழுத்துப் பட்டையைப் பார்த்த ஆச்சி, “இது அட்டிகைலா? கல்லு எங்க?” என்று கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐம்பது வருஷத்துக்கு முன் கப்பலேறியவள். மண்டை ஓட்டைப் பார்த்தும் அவளுக்கு அதிர்ச்சி வரவில்லை. காளியின் கழுத்தில் மாலையாகவே கிடக்கிறது, மயிலாப்பூர் சாமிக்குப் பேரே கபாலீஸ்வரர். கறுப்புக் கயிறு என்றால் திருஷ்டிக்கு நல்லது. வீடு கட்டும்போது வாசலில் பூத முகம் மாட்டுகிற ஜனத்தைச் சவப்பெட்டி காட்டிப் பயமுறுத்த முடியுமா? லண்டனில் நடுக்கம் கொடுத்ததெல்லாம் இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சமாசாரம்.

அம்மாவின் பிரச்சினை வேறு. அவளுக்கு மண்டை ஓடு கண்ணிலேயே படவில்லை, பொன் இல்லாததுதான் பட்டது.

“ஏட்டி, கால்ல போடுறதக் கழுத்துல போட்டுட்டு அலையிற. கழுத்து மொட்டையா கெடக்கு.”

இதற்குப் பதில் சொல்வது கடினம். தமிழ் வீட்டு நகைச் சட்டப்படி தங்கம் இடுப்புக்கு மேலே, வெள்ளி கீழே. கொலுசும் மெட்டியும் வெள்ளி. பொன் மகாலட்சுமி, அதைக் காலில் போடுவது ஆகாது. இந்தச் சட்டத்தை மீறி மெட்டியின் உறவுக்காரனைக் கழுத்துக்கு ஏற்றிவிட்டாள் மகள். கோத் இயக்கம் தொடங்கிய நாள் முதலாக இப்படி ஒரு குற்றச்சாட்டை எங்கும் சந்தித்திருக்காது.

வெள்ளிக்குத் தீவுக் காற்றும் விரோதி. வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை, இரண்டு பருவக்காற்று, மிச்ச நாளுக்குப் புழுக்கம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஈரத்தோடு சேர்ந்து தொண்ணூற்றிரண்டரை வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். ஊரில் ‘ஆக்ஸிடைஸ்டு’ என்று விற்கிற நகைக்குக் கந்தக மருந்து போட்டு வேண்டுமென்றே கறுப்பேற்றுகிறார்கள்; இங்கே அது இலவசம். ஜெர்மன் சில்வர் கதை இன்னும் மோசம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வியர்வை பட்டால் செம்பு பச்சை காட்டும். ஒரு மாலை பிறைநிலாவைக் கழற்றியபோது அவள் நெஞ்சில் பச்சை நிறத்தில் இன்னொரு பிறை இருந்தது. பேஸ்டல்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆச்சி புளி கரைத்துக்கொண்டு வந்தாள், நெஞ்சுக்கா நகைக்கா என்று சொல்லாமல்.

படமெடுக்க இடம் வேண்டுமே! ராஸ் தீவுக்குப் போனாள். இன்றைய பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. வெள்ளைக்கார நிர்வாகத்தின் தலைமையிடமாக இருந்து, 1941 நிலநடுக்கத்துக்கும் அடுத்த வருஷத்து ஜப்பான் ஆக்கிரமிப்புக்கும் பின் கைவிடப்பட்ட இடம். கூரையில்லாத தேவாலயம், செங்கல் சுவரை இறுக்கிப் பிடித்த மரவேர்கள். ஐரோப்பியக் கோத்கள் இப்படி ஓர் இடத்துக்காகக் கடன் வாங்கிப் பயணம் போவார்கள். இவளுக்குப் படகு டிக்கெட்டோடு முடிந்தது. வேர்களுக்கு நடுவே கண்ணைச் சொருகி நின்றபோது, சுற்றுலாப் பயணிகளிடம் பிஸ்கட் தின்று பழகிய புள்ளிமான் ஒன்று வந்து இளம் ஊதா ரிப்பனை மென்றது. அந்தப் படம்தான் அதிக விருப்பம் வாங்கியது.

செல்லுலர் சிறையிலும் எடுக்கலாமே என்று தோழி சொன்னாள். தாத்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “அங்க உள்ள சங்கிலி நகையில்ல” என்றார். பேச்சு அத்தோடு நின்றது.

உண்மையில் அவள் தேடுகிற அழகியலுக்கு அந்தமானைவிடப் பொருத்தமான ஊர் பூமியில் இல்லை. கடலுக்கு வைத்த பேர் காலாபானி, கறுப்புத் தண்ணீர். ‘சிறைச்சாலை’ படத்தின் மலையாள மூலத்துக்கும் 1996-இல் அதுதான் தலைப்பு. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் இளநீலமும் இளம்பச்சையும் கலந்து பலூன் மாதிரி மின்னுகிறது. கறுப்பு என்று பெயரை வைத்துக்கொண்டு பேஸ்டல் உடுத்துகிற கடல்! அதன் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நிறம் தேடிக் கைப்பேசிக்குள் போகிறாள்.

சிப்பி நகையிலும் இதே கதை. அபர்தீன் பஜாரில் முத்துச்சிப்பி ஓட்டில் இழைத்த காதணிகள் தொங்குகின்றன, ரோஜாவும் ஊதாவும் பச்சையும் ஒளியில் புரளப் புரள. ‘அதெல்லாம் டூரிஸ்ட் வாங்குறது’ என்று மூக்கைச் சுளித்தாள். பிறகு யாரோ ஜப்பான் பெண் அதேபோல ஒன்றைக் கறுப்பு வெல்வெட்டில் கோத்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுநாளே பஜாருக்குப் போனாள். பில்லோடுதான் வாங்கினாள். கரையில் பொறுக்கிய சிப்பியும் பவளமும் விமான நிலையத்தில் பையைத் துழாவும்போது பிடிபடும், பவளப்பாறைக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பது தீவுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கிடையில் ஆச்சி தன் தகரப் பெட்டியைத் திறந்து பாம்படத்தைக் காட்டினாள். கட்டமும் உருண்டையுமாய், ஏதோ விண்கலத்தின் பாகம் போல ஒரு ஜோடி. அதைப் போடுவதற்காகச் சின்ன வயதிலேயே காதைக் குத்தி, துளையைப் பெருக்கி, தோள் வரை தொங்கவிட்ட காலம் அது. காது வளர்ப்பதற்கு மேல்நாட்டில் இப்போது தனிக் கடை நடத்துகிறார்கள். பேத்தி வாய்பிளந்து நின்றாள். “ஆச்சி, நீதான் நிஜ கோத்.” ஏதோ நல்ல சாதிப் பேர் என்று நினைத்து ஆச்சி தலையாட்டிக்கொண்டாள்.

கடைசியில் அக்கா கல்யாணம் வந்தது. மொட்டைக் கழுத்தோடு மணவறைப் பக்கம் வரக் கூடாது என்று அம்மா. ஆரமெல்லாம் தன் அழகியலுக்கு ஒத்துவராது என்று மகள். இரண்டு நாள் சோறில்லை. மூன்றாம் நாள் இருவரும் ஆசாரி முன் உட்கார்ந்திருந்தார்கள், கைப்பேசியில் ஒரு படத்தோடு.

“வௌவாலா?” என்று கேட்டார் ஆசாரி. முப்பது வருஷமாக அன்னமும் மாங்காயும் மயிலும் செய்த கை. “இறக்கை விரிச்சா, மடக்கியா?”

விரித்தே செய்வதென்று முடிவானது. 22 காரட், வயிற்றில் 916 முத்திரை. எத்தனை கிராம், கூலி எவ்வளவு, வௌவாலுக்கு இவ்வளவு சேதாரமா, மயிலுக்கே இதைவிடக் குறைவுதானே என்று அம்மா ஒரு மணி நேரம் பேரம் பேசினாள். மகள் அதற்கு ஒரு நிபந்தனை போட்டாள்: மேலே கறுப்பு வெல்வெட் பட்டை இருக்கும். அம்மா ஒத்துக்கொண்டாள்.

நகை வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. கண்ணுக்கு ரெண்டு செவப்புக் கல்லு வச்சிருக்கலாம்லா?”