உரிமையாளர் பஸ் ஏறிவிட்டார்

பாட்டெழுதுகிறவன் விஷயத்தில் இலங்கைச் சட்டம் மகா தாராளம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதியவன் உயிரோடிருக்கும் காலம் முழுவதும் பாட்டு அவனுக்கே சொந்தம். செத்த பிறகும் 70 வருடம் அவன் பிள்ளைகளுக்குச் சொந்தம். ஒரேயொரு தடங்கல்தான். அந்த 70 வருடத்தை எண்ணத் தொடங்குவதற்கு ஆள் செத்த திகதி வேண்டும். திகதியைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது? சட்டம் எழுதிய கனவான்கள் அதற்கு ஒரு பிரிவு வைக்கவில்லை. பாட்டெழுதுகிறவனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, எந்தப் பஸ் என்று கேட்கிற அரசாங்கம் ஒன்று வரும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கற்பனை போதாது, அவர்கள் கவிஞர்கள் அல்லவே.

தேர்தல் வந்தால் இந்தச் சட்டச் சிக்கல் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பூநகரிக்கு வரும். வாடியடிச் சந்தியில் கிளம்பி முழங்காவில் மட்டும் போகும். வேட்பாளரின் பெயர், சின்னம், விருப்பிலக்கம். பிறகு பாடகர் சாந்தனின் குரலில் ஒரு பாட்டு. மறுபடியும் பெயர், சின்னம், விருப்பிலக்கம். பாட்டுக்கு உரிய மண்ணும் வியர்வையும் வேட்பாளரின் வெள்ளை வேட்டியில் தூசியாகக்கூட ஒட்டியிருக்காது. அதனாலென்ன, பாட்டு கேட்டால் சனம் வாசலுக்கு வரும். அது போதும். அந்த ஓட்டோக்காரரை மறித்துக் கேட்டுப் பாருங்கள்.

"அண்ணை, இந்தப் பாட்டு ஆர் எழுதினது?"

"சாந்தன்ரை பாட்டு தம்பி."

"பாடினவர் சாந்தன். எழுதினவர்?"

"அது... இயக்கப் பாட்டு."

புலிகள் இயக்கத்துக்கு எழுதத் தெரியாது. எழுதியது பெரும்பாலும் ஒரு மனிதர். பெயர் புதுவை இரத்தினதுரை. 1948 டிசம்பர் 3இல் புத்தூரில் பிறந்தவர், கைத்தொழிலால் சிற்பி. இடதுசாரிக் கனவோடு தொடங்கி 1970இல் 'வானம் சிவக்கிறது' என்று முதல் தொகுதி போட்டார். அதே 1970இல்தான் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், நாட்டுப்புறப் பாட்டெழுதுகிறவர்களுக்கென்று ஒரு கீர்த்தி மண்டபம் ஏற்படுத்தினார்கள். அங்கே ஒருவன் தன் ஊர் மண்ணையும் பழைய லொறியையும் விட்டுப்போன காதலியையும் எழுதினால், வானொலியில் பாட்டு போகிறபோதெல்லாம் அவன் கணக்கில் காசு விழும். கிழவனானதும் மண்டபத்தில் பெயர் பொறிப்பார்கள். வன்னியிலும் மண்ணைத்தான் எழுதினார்கள். வயலை, பனையை, கடலை, மாட்டு வண்டியை. 2005இல் வந்த அவருடைய பெருந்தொகுதியின் பெயரே 'பூவரசம் வேலியும் புலுனிக் குஞ்சுகளும்'. இதைவிடக் கிராமத்துப் பெயர் நாஷ்வில்லில் கிடைக்காது. லொறிக்குப் பதிலாக இங்கே செத்த போராளியின் வித்துடல் ஏற்றிய வாகனம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரைப் புனிதராக்கிச் சட்டம் போட்டு மாட்டுகிற வேலையை நான் செய்யவில்லை. அவர் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகத்துக்குப் பொறுப்பாயிருந்தவர். அந்தப் பாட்டுகள் அடுத்தவீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்ட பாட்டுகள். கூப்பிட்டு நிறையப் பேர் போனார்கள். கடைசி வருடங்களில், பாட்டைக் கேட்டும் போகாத வீடுகளுக்கு ஆள் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனது. பூநகரியில் அப்படிப் பிள்ளையைக் கொடுத்த தாய்க்கு அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கும். அவரை நேருக்கு நேர் வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு ஆள் வேண்டும். ஆள் எங்கே?

போர் முடிந்த 2009 மே 18இல், முல்லைத்தீவில், பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் முன்னே நிற்க, பெயர் பதிந்து சரணடைந்தவர்களோடு அவரும் இருந்தார். கண்டவர்கள் இருக்கிறார்கள். பஸ்களில் ஏற்றினார்கள். பாதிரியாரும் திரும்பவில்லை, பாட்டெழுதியவரும் திரும்பவில்லை. 2019இல் ஒரு பத்திரிகையாளர் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இராணுவத்திடம் விவரம் கேட்டார். வந்த பதிலை யாப்பில் போட்டால் அமர காவியம்: யாரும் எங்களிடம் சரணடையவில்லை, அவர்கள் அரசாங்கத்திடம்தான் சரணடைந்தார்கள். அப்படியானால் நந்திக்கடலோரம் துவக்கோடு நின்றவர்கள் யார்? தபால் திணைக்களமா?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2016இல் சட்டம் போட்டு ஒரு காணாமல் போனோர் அலுவலகம் திறந்தது. அதற்கு ஆணையாளர்களை நியமிக்க 2018 ஆனது. காணாமல் போனவர்களைப்போல ஆணையாளர்களையும் தேடவேண்டியிருந்ததோ என்னவோ. அதே 2016இல், ஆள் செத்தார் என்றும் இல்லாமல் இருக்கிறார் என்றும் இல்லாமல், 'காணவில்லை' என்று ஒரு சான்றிதழும் கண்டுபிடித்தார்கள். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய, ஐ.நா. பிரதிநிதியைக் கூப்பிட்டு, காணாமல் போனவர்கள் செத்துவிட்டார்கள் என்று சொன்னார். எப்போது, எங்கே, யார் கையால் என்று சொல்லவில்லை. கணக்கில் மொத்தத்தைப் போட்டார், திகதியை விட்டுவிட்டார். 2022இல் அந்தச் சான்றிதழுக்கு 2 லட்சம் ரூபா விலை வைத்தார்கள். ஒருமுறைக் கொடுப்பனவு. 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்த அம்மாமார் காசு கேட்கவில்லை. 'பிள்ளை எங்கே' என்ற அவர்களுடைய கேள்விக்கு இரண்டு சொல்லில் பதில் சொல்லலாம். அரசாங்கத்துக்கு இரண்டு லட்சம் சுலபமாக இருந்தது, இரண்டு சொல் கஷ்டமாக இருந்தது.

பூநகரியில் விலை வைக்க முடியாதது எதுவுமில்லை. காற்றுக்கே விலை வைத்தார்கள். 2024 மே மாதம் மன்னார், பூநகரிக் காற்றில் எடுக்கும் மின்சாரத்துக்கு அலகு 8.26 அமெரிக்கச் சதம் என்று அதானிக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அடுத்த அரசாங்கம் விலையைக் குறைக்கப் பார்த்ததும் 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டார். அதே காற்றில் ஏறி வீட்டுக்கு வீடு வருகிற பாட்டுக்கு ஒரு சதம் இல்லை. கேட்கவும் ஆளில்லை.

வெளிநாட்டில் கேட்க ஆட்கள் நிறைய. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மாவீரர் நாளான கார்த்திகை 27க்கு மண்டபம் நிரம்பும். மண்டபத்துக்கு வாடகை, ஒலியமைப்புக்கு வாடகை, வெளியே கொத்துரொட்டிக்கு விலை. உள்ளே அவருடைய வரிகள் இலவசம். யூரியூப்பில் அந்தப் பாட்டுகளை ஏற்றி, மூலையில் தங்கள் சின்னத்தைக் குத்தி, 'அனுமதியின்றிப் பிரதி செய்வது குற்றம்' என்று எழுதி வைக்கிற வீரர்களும் உண்டு. யாருடைய அனுமதி ஐயா? இங்கே, 2024 நவம்பரில், மாவீரர் நாளை முகநூலில் பதிவிட்டதற்காக ஆட்களைக் கைது செய்தது அரசு. ஆகப் பாட்டை வைத்துச் சம்பாதிக்கலாம், வாக்கு வாங்கலாம், வழக்கும் போடலாம். எழுதியவர் எங்கே என்று விசாரிப்பதுதான் ஒருவருக்கும் தோதுப்படவில்லை.

சாந்தன் 2017 பெப்ரவரி 26இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இறந்தார். அவருக்குத் திகதி இருக்கிறது, சனம் திரண்டு வந்த இறுதிச் சடங்கு இருக்கிறது. பாடினவருக்கு மாலை போட்ட கையோடு வீடு திரும்பிவிட்டார்கள், வேட்பாளர்கள் உட்பட.

அந்த வேட்பாளர்களுக்கு ஒரு சட்ட ஆலோசனை, இலவசமாக. மரணத் திகதி பதியப்படாத மனிதரைச் செத்தவர் என்று சொல்ல ஒரு கடதாசியும் இல்லை. ஆகவே பாட்டு அவருடையது. அடுத்த தேர்தலுக்கு ஒலிபெருக்கி கட்ட முன்னம் அவரிடம் எழுத்தில் அனுமதி கேட்கவேண்டும். முகவரி தெரியாதென்று சாட்டுச் சொல்ல வேண்டாம்; அவரைப் பொறுப்பேற்றது அரசாங்கம் என்று இராணுவமே எழுதிக் கொடுத்திருக்கிறது. கடிதத்தைக் கொழும்புக்கு, அரசாங்கத்தின் பெயருக்கே போடுங்கள். பதிவுத் தபாலில் போடுங்கள், பற்றுச்சீட்டாவது மிஞ்சும். மே 18இல் ஆளை ஒப்படைத்தவர்களுக்கு அதையும் கொடுக்கவில்லை.